சமுத்திரம் என்று பெயர் வைத்த குளம்

மாமி,

இன்று காலை உங்கள் அலுமாரியின் கீழ்த்தட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு சோடி காலுறை அகப்பட்டது. சாம்பல் நிறம், ஆண்கள் போடுவது, தடித்த பருத்தி. உள்ளங்கால் பக்கம் மட்டும் செம்மண் ஏறியிருந்தது. எத்தனை தரம் தோய்த்தும் போகாத நிறம். முகத்தருகே கொண்டுபோனேன். நீங்கள் எல்லாத் துணிகளுக்குள்ளும் போட்டுவைக்கும் பூச்சி உருண்டையின் வாசம்தான் முதலில் வந்தது. அதற்கு அடியில் வெயிலில் காய்ந்த கல்லின் வாசமும் இருந்தது. நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். "உனக்கு எல்லாத்திலயும் ஒரு வாசம்" என்று சொல்லியிருப்பீர்கள்.

நாம் சேர்ந்து போன பயணத்துக்கு முதல் கிழமை, கொழும்பு வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் நடைபாதையில் துணி பரப்பி விற்கிறவரிடம்தான் இதை வாங்கினீர்கள். "மகனுக்கா அம்மா?" என்று அவர் சிங்களத்தில் கேட்டார். "நே, மட்ட தமாய்," எனக்குத்தான், என்றீர்கள். அந்த மனிதர் உங்கள் சேலைக் கரையையும் செருப்பையும் ஒருதரம் பார்த்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"சேலைக்குக் கீழ சொக்ஸ் போட்டால் சனம் சிரிக்கும் மாமி."

"அங்க கல்லுச் சுடும் பிள்ளை. செருப்போட உள்ள விடமாட்டாங்கள். உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்."

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கேள்விகள் குறைவு.

நாம் இருவரும் ஒரே வீட்டில் இருந்ததை இப்போதும் ஆட்கள் விசித்திரமாகத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் சைவம். நான் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பிள்ளை. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. மாலையில் எல்லோரும் முழங்காலில் நின்று செபமாலை சொல்லி முடித்த பிறகுதான் எங்கள் வீட்டில் சோற்றுப் பானை திறக்கும். உங்கள் மகனும் நானும் ஒரு கணினி வகுப்பில் பழகினோம். இரு வீட்டாரும் முகம் கொடுக்காமல் நிற்கப் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். நீங்கள் என்னை வீட்டுக்குள் விட்டீர்கள், ஆனால் என்னோடு கதைக்கவில்லை. நான் பக்கத்தில் நிற்கும்போதே மகனைப் பார்த்து, "கத்தரிக்காய்க் குழம்புக்குப் புளி காணாது எண்டு சொல்லு" என்பீர்கள். அவரும் என் பக்கம் திரும்பி, "புளி காணாதாம்" என்பார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது குளியலறைக்குள் போய் அழுவேன்.

பிறகு அவர் கனடாவுக்குப் போனார். அங்கே நிலைத்துக்கொண்டு இரண்டு பேரையும் கூப்பிடுகிறேன் என்றுதான் போனார். வருடங்கள் போயின. அப்போதும் எனக்குச் சொல்லவேண்டியதைத் தொலைபேசியில் அவரிடம்தான் சொல்வீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பூசைக்குப் போய்வந்து செருப்பைக் கழற்றும்போது தொலைபேசி அடித்தது. அங்கே வேறொருத்தி இருக்கிறாள் என்பதை, வேலை மாறிவிட்டது என்று சொல்வதைப்போலச் சொல்லி முடித்தார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. கதவு திறந்தது. கையில் சோற்றுக் கோப்பையோடு நீங்கள் நின்றீர்கள். நமக்கு நடுவில் சொல்லிவிட ஒருவரும் இல்லை.

"பிள்ளை, சாப்பிட்டியே?" என்றீர்கள்.

என்னோடு நேராகக் கதைத்த முதல் வார்த்தை அது. கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிப் போக உடுப்புகளை மடித்து வைத்திருந்தேன். நீங்கள் அவற்றை எடுத்துத் திரும்ப அலுமாரியில் அடுக்கினீர்கள். வீடு உங்கள் மகன் வாங்கியது. அந்த வீட்டில் அவர் இல்லாமல், அவர் தாயும் அவர் விட்டுப்போன மனைவியும் இருந்தோம். காலையில் நான் கொள்ளுப்பிட்டியில் பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்குக்கு வேலைக்குப் போவேன். மாலையில் நீங்கள் பல்கனிக் கம்பியில் கைவைத்து, ரயில் தண்டவாளத்துக்கு அப்பால் தெரியும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். நான் படியேறும் சத்தம் கேட்டால் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவீர்கள். இப்படியே பழகிவிட்டோம்.

கனடாவில் உங்களுக்கு ஒரு பேத்தி பிறந்தாள். அதற்கு அடுத்த வருடம் உங்கள் விசா வந்தது. உங்களை அங்கேயே வைத்துக்கொள்ளத்தான் அவருக்கு விருப்பம் என்று உறவுக்காரர் எல்லோரும் கதைத்தார்கள். நீங்கள் மட்டும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னீர்கள்: "எனக்கு ஒரு இடத்தை ஒருக்காப் பாக்கவேணும். பொலன்னறுவை. லீவு எடுப்பியே?"

எனக்கு அது விளங்கிவிட்டது என்று நினைத்தேன். போகமுன் ஒரு பிரியாவிடைப் பயணம். சரி என்றேன்.

மட்டக்களப்பு ரயிலில் போனோம். ராகமையைக் கடந்ததும் உங்களுக்கு ஒரு மாற்றம் வந்தது. வழக்கமாக வெளியே போனால் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பவர், அன்று பையை என் பக்கம் தள்ளிவிட்டு யன்னலில் தாடையை வைத்துக்கொண்டீர்கள். காற்று உங்கள் தலைமயிரைக் கலைத்தது. நீங்கள் ஒதுக்கவில்லை. மாகோ தாண்டிக் காடு இருபக்கமும் நெருங்கிவந்தபோது நான் தூங்கிப்போனேன். இடையில் கண் விழித்தபோது ரயில் எங்கோ நின்றுகொண்டிருந்தது. சத்தமே இல்லை. நீங்கள் யன்னலுக்கு வெளியே பார்த்து உங்களுக்குள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தீர்கள். உதடு மட்டும் அசைந்தது. நான் கனவில் பார்த்தேனோ நிசமாகப் பார்த்தேனோ, இன்றைக்கும் நிச்சயமில்லை.

ஸ்டேஷனில் ஒரு ஓட்டோ பிடித்தோம். குளக்கட்டில் ஏறியதும் ஓட்டோ ஓடிய சத்தமே எனக்குக் கேட்காமல் போய்விட்டது. ஒரு பக்கம் முழுவதும் தண்ணீர். கண் போகும் இடமெல்லாம் தண்ணீர். தூரத்தில் நீல மலைகள் நீருக்குள் தலைகீழாகத் தொங்கின. மருத மரங்களின் வேர்கள் கரையிலிருந்து இறங்கித் தண்ணீருக்குள் கால் நீட்டியிருந்தன. வெள்ளைக் கொக்குகள் ஏதோ பொழுதுபோகாதவர்கள்போல நின்றன. நான் கடலோடு வளர்ந்தவள். ஆனால் என் கடலில் கப்பலும் பாரந்தூக்கியும் எண்ணெய் வாசமும் இருக்கும். சத்தம் போடாமல் இவ்வளவு தண்ணீர் இருக்கமுடியும் என்று நான் அறிந்திருக்கவில்லை.

"இதைக் குளம் எண்டு சொல்லுறதே மாமி?"

"சமுத்திரம் எண்டுதான் அந்தக் காலத்து ராசா பேர் வைச்சவன். பொய்யில்லை," என்றீர்கள். பிறகு ஓட்டோக்காரரின் தோளில் தட்டி, கட்டுக்குக் கீழே ஒரு தெருவைக் காட்டி, விடுதிக்கு அந்த வழியால் போகச் சொன்னீர்கள். தடுமாற்றமில்லாத சிங்களம். வெள்ளவத்தைக் கடைகளில் நீங்கள் கதைக்கும் சிங்களம் இல்லை அது. கிராமத்துச் சிங்களம்.

அப்போதுதான் சொன்னீர்கள். மாமாவுக்கு நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை. கல்யாணம் முடித்த கையோடு உங்களை இங்கே கூட்டிவந்தார். குளக்கட்டுக்குக் கீழே குவாட்டஸ், அரசாங்கம் கொடுத்த வீடு. உங்கள் மகன் பிறப்பதற்கு முன்பு. மாமாவை நான் சுவரில் மாலை போட்ட படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். அந்தப் படத்துக்குப் பின்னால் இப்படி ஒரு குளம் இருந்தது எனக்குத் தெரியாது.

அன்று மாலை என்னைப் பழைய நகரத்தின் இடிபாடுகளுக்குள் கூட்டிக்கொண்டு போனீர்கள். வெயில் தாழ்ந்தும் கல் சுட்டது. நான் வெறுங்காலோடு துள்ளித் துள்ளி நடந்தேன். நீங்கள் சாம்பல் நிறக் காலுறையோடு அரசாங்க அதிகாரிபோல நடந்தீர்கள். செங்கல் மதில்கள், கூரையில்லாத மண்டபங்கள், வாசலில் யாருக்காகவோ காத்திருக்கும் படிகள். மரங்களில் மந்திகள் தாவும் சத்தம் மட்டும் கேட்டது. சோழர் காலத்துச் சிவன் கோயிலுக்கு முன்னால் நின்றீர்கள். முழுக் கருங்கல். சின்னது, ஆனால் அசையாதது. உள்ளே இலிங்கத்தின் மேல் யாரோ வைத்த அலரிப் பூ வாடாமல் இருந்தது. நீங்கள் உள்ளே போய்க் கற்பூரம் கொளுத்தினீர்கள். நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு வெளியே நின்றேன்.

வெளியே வந்தவர் குந்தி இருந்து, சுவரின் அடிப்பகுதியில் வெட்டியிருந்த எழுத்துகளைக் கையால் தடவினீர்கள்.

"நான் ஒவ்வொரு வெள்ளியும் வந்து இதை வாசிக்கப் பாப்பன். மாமா சிரிப்பார்."

"என்ன எழுதியிருக்கு?"

"தமிழ் எண்டு தெரியுது. என்ன எண்டு தெரியேல்லை."

நாம் இருவரும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எழுத்துகள் கிட்டப் போனால் விளங்கும்போல இருந்தன. கிட்டப் போனால் கல்லாகிவிட்டன. வெளிச்சம் தேன் நிறமாகி, பிறகு கரைந்துபோனது. காவலாளி வந்து, நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை நாம் அசையவில்லை.

மறுநாள் காலையில் குவாட்டஸ் இருந்த இடத்தைத் தேடினோம். அங்கே இப்போது இரும்புக் கேற்றோடு ஒரு களஞ்சியம். கிணறு மட்டும் மூடி போட்டு இருந்தது. கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வெறுங்காணியைக் காட்டி, "அங்கதான் சீலவதி அக்கான்ர வீடு," என்றீர்கள்.

சீலவதி அக்கா உங்கள் பக்கத்து வீட்டுக்காரி. ஊர் கெட்டுப்போன அந்த ஆவணியில், தமிழர் வீடுகளைத் தேடி ஆட்கள் வந்தபோது, உங்கள் இருவரையும் தன் வீட்டுச் சாமியறையில் வைத்துப் பூட்டிவிட்டு, வாசலில் நெல்லுப் புடைத்துக்கொண்டு இருந்தாளாம். வந்தவர்களோடு உரத்துச் சண்டையும் பிடித்தாளாம். பிறகு யாரையோ பிடித்து, நெல் மூட்டை ஏற்றிய லொறியில் உங்களை அனுப்பினாள். உடுத்த துணியோடு போனீர்கள்.

"தோசைக்கு மா கரைச்சு வைச்சிருந்தனான்," என்றீர்கள். "அது பொங்கி வழிஞ்சிருக்கும். ஆர் எடுத்துக் கொட்டினதோ. இவ்வளவு காலமும் அந்த மாவைத்தான் நினைப்பன். வேற சாமான் ஒண்டும் நினைவுக்கு வராது."

"சீலவதி அக்காவை விசாரிச்சுப் பாப்பமே மாமி? ஆரும் சொல்லுவினம்."

அந்த வெறுங்காணியைப் பார்த்தீர்கள். "வேண்டாம். இருந்தாலும் அழுவம். இல்லாட்டிலும் அழுவம்."

பிறகு குளிக்கவேண்டும் என்றீர்கள்.

வெயில் இன்னும் ஏறியிருக்கவில்லை. குளத்தின் மேல் மெல்லிய புகைபோல ஒன்று கிடந்தது. மருத மரத்தடியில் கல்படிகள் தண்ணீருக்குள் இறங்கும் ஒரு இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனீர்கள். ஒரு பெண் படியில் இருந்து துணி அடித்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்து பழைய சீத்தைத் துணி ஒன்றை எடுத்து, மரத்துக்குப் பின்னால் போய் மார்புக்கு மேலாகக் குறுக்குக்கட்டுக் கட்டிக்கொண்டு வந்தீர்கள். மாமி, உங்கள் தோள்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் கையில் சேலையைத் தந்துவிட்டுப் படி இறங்கினீர்கள். முழங்கால், இடுப்பு, கழுத்து. வெள்ளைக் கொண்டை மட்டும் நீருக்கு மேல் தெரிந்தது.

அந்தக் கொண்டை விலகிப் போகத் தொடங்கியது.

வழுக்கிவிட்டீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். தண்ணீர் இழுக்கிறது என்று நினைத்தேன். வெள்ளவத்தையில் இவ்வளவு காலம் கடலுக்கு முன்னால் இருந்தும் காலை நனைக்காத மனுசி. கடற்கரைக்கு வரச் சொன்னால், "எனக்குத் தண்ணி சரிவராது" என்று சொல்லும் மனுசி. எனக்கு நீந்தத் தெரியாது. துறைமுகத்தில் வேலை செய்த என் அப்பாவுக்கும் தெரியாது. படியில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. கைகள் நீருக்கு வெளியே வந்து போவதைக் கண்ட பிறகும் கத்தினேன். துணி அடித்த பெண் எழுந்து, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

"பய வெண்ட எப்பா நோனா," பயப்படாதீங்கோ என்றாள். "அம்மா ஹொந்தட்ட பீனனவா." நன்றாக நீந்துகிறாவாம்.

பிறகு, ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, முதலைகள் அந்தப் பக்கம் வருவது குறைவு என்றும் சொன்னாள்.

எதிரே, நீருக்குள் நீட்டிக்கொண்டிருந்த முனையில், பழைய அரண்மனைத் தோட்டத்தின் இடிபாடுகள் இருந்தன. வரிசையாகக் கல் தூண்கள். நீங்கள் அதை நோக்கித்தான் போனீர்கள். அவசரமில்லாமல், தெருவில் தெரிந்தவர் வீட்டுக்குப் போவதைப்போல. புகைக்குள் கொண்டை மங்கியது. ஒரு நீர்க்காகம் உங்களுக்குப் பக்கத்தில் மூழ்கி வேறெங்கோ எழுந்தது. எது பறவை, எது நீங்கள் என்று எனக்குத் தெரியாமல் போனது. பிறகு இரண்டையும் காணவில்லை.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையோடு ஓடினேன். உங்கள் சேலை அவிழ்ந்து என் பின்னால் மண்ணில் இழுபட்டது. முள் குத்தியது. அந்த ஓட்டம் முழுக்க உங்கள் மகனுக்கு இதை எப்படிச் சொல்வேன் என்றுதான் நினைத்தேன். அதற்குள்ளே, இனி வீட்டில் அடுப்பு மூட்ட ஆளில்லை என்றும் நினைத்தேன். இரண்டாவது நினைப்புத்தான் என்னை வேகமாக ஓடவைத்தது.

தூண்களுக்கு அப்பால், நீர் வந்து தொடும் ஒரு செங்கல் மதிலில் நீங்கள் இருந்தீர்கள். கொண்டை அவிழ்ந்து முதுகில் ஒட்டியிருந்தது. தலைமயிரைப் பிழிந்துகொண்டிருந்தீர்கள். கால்கள் தண்ணீருக்குள்.

"என்ன மாமி இது! என்ன மாமி இது!" வேறு வார்த்தை எனக்கு வரவில்லை.

"கொஞ்சம் பொறு. மூச்சு வாங்குது." முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பையும் நான் அதற்கு முன் கண்டதில்லை. "நீ கத்தினது நடுக்குளத்துக்குக் கேட்டது. யேசுவே, யேசுவே எண்டு."

"பின்ன ஆரைக் கூப்பிட?"

"சரியான ஆளைத்தான் கூப்பிட்டிருக்கிறாய். தண்ணிக்கு மேல நடந்தவர் எல்லோ."

நான் சிரித்தேனோ அழுதேனோ. உங்கள் ஈரத் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் செய்தேன். சேலையால் உங்களைப் போர்த்தினேன். அதில் பாதி மண்.

"ஆர் மாமி நீந்தப் பழக்கினது?"

"சீலவதி அக்கா. மாமா கந்தோருக்குப் போனாப்பிறகு ரெண்டு பேரும் வருவம். முதல்ல அந்தப் படியில. பிறகு இங்கமட்டும் நீந்தி வந்து, இந்த மதில்ல இருந்து நாவற்பழம் தின்னுவம்."

"மாமாவுக்குத் தெரியுமே?"

"ஐயோ, தெரியாது. குளத்துக் கந்தோரில வேலையெண்டுதான் பேர். அந்த மனிசனுக்குக் கிணத்தை எட்டிப் பாக்கவே பயம். ஈரத் தலையோட நிண்டால் கிணத்தில குளிச்சன் எண்டு சொல்லுவன். அவருக்கும் தெரியாது, என்ர பெடியனுக்கும் தெரியாது. இங்க இருந்து போனாப்பிறகு ஆருக்கும் சொல்ல மனம் வரேல்லை."

"அப்ப ஏன் கடல்ல ஒருநாளும் இறங்கேல்லை?"

"கடலுக்கு மற்றக் கரை இல்லையே பிள்ளை. எங்க போய்ச் சேருறது?"

சூரியன் தூண்களுக்குள் வந்தது. ஒரு கல் சிங்கம் நம்மைப் பார்க்காமல் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. தூண்களின் நிழல் நீரில் விழுந்து, நீரின் ஒளி தூண்களில் விழுந்து, எல்லாம் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. நீங்களும் அதற்குள் ஆடிக்கொண்டிருந்தீர்கள். ஒரு கணம் இளம் பெண்ணாக, ஒரு கணம் மாமியாக. பேசினால் ஏதோ கலைந்துவிடும் என்று தோன்றியது.

நீங்கள்தான் பேசினீர்கள்.

"பிள்ளை, நான் கனடாவுக்குப் போகட்டே?"

"விசா வந்திட்டுதே மாமி."

"விசா தந்தவங்களை நான் கேக்கேல்லை. உன்னைக் கேக்கிறன்."

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"அந்தக் குழந்தையை ஒருக்காத் தூக்கவேணும்போல கிடக்கு. அது உன்ர வயித்தில பிறந்திருக்கவேண்டிய பிள்ளை. அதுவும் எனக்குத் தெரியும். நீ வேண்டாம் எண்டு சொன்னால் நான் போகேல்லை. உன்னில கோவமும் வராது."

மாமி, 'வேண்டாம்' என்ற சொல் அப்போது என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை உங்களுக்கு ஒருநாளும் சொல்லவில்லை. அந்தக் குழந்தையின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் நீங்கள் அதைத் தூக்கி வைத்திருக்கும் காட்சி மனதில் வந்ததும் உங்களைப் போர்த்திய சேலையின் நுனியைப் பிடித்துக்கொண்டேன். போனால் வரமாட்டீர்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அந்த வீட்டில் நான் யாராக இருப்பது? நீங்கள் அவசரப்படுத்தவில்லை. உங்கள் பாதங்கள் தண்ணீருக்குள் வெளிறித் தெரிந்தன. சின்ன மீன்கள் அவற்றைச் சுற்றி வந்தன. இவ்வளவு தூரம் நீந்தி வந்து இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று தோன்றியது.

"போங்கோ மாமி," என்றேன். "ஆனால் எனக்குப் படம் ஒண்டும் அனுப்பவேண்டாம்."

"சரி," என்றீர்கள்.

அந்த நேரம் பார்த்து வெள்ளைக்காரச் சுற்றுலாக் கூட்டம் ஒன்று தூண்களுக்கிடையில் வந்து சேர்ந்தது. இடிந்த மண்டபத்தின் நடுவில், தலைவிரி கோலத்தில், ஈரக் குறுக்குக்கட்டோடும் மண் படிந்த பட்டுச் சேலையோடும் ஒரு முதியவள். ஒருவர் கமெராவைத் தூக்கிவிட்டுப் பிறகு மரியாதையாகக் கீழே இறக்கினார். நீங்கள் நிமிர்ந்து நின்று, தலையைச் சற்றே அசைத்து, அவர்களுக்கு வழிவிட்டீர்கள். அவர்கள் உங்களை யாரென்று நினைத்தார்களோ தெரியாது. அந்த மண்டபத்துக்கு உரியவர் அப்போது நீங்கள்தான்.

ஒரு மாதத்துக்குள் புறப்பட்டீர்கள். விமான நிலையத்தில் என் கன்னத்தைத் தொட்டு, "போயிட்டு வாறன் பிள்ளை," என்றீர்கள். எல்லோரும் சொல்வதுதானே. சாமான் கட்டிக்கொண்டு ஒரேயடியாகப் போகிறவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். நானும் தலையாட்டினேன்.

அங்கிருந்து தினமும் கதைத்தீர்கள். குளிர், கோயில், கடையில் வாங்கும் முருங்கைக்காயின் விலை, எல்லாம் சொன்னீர்கள். குழந்தையைப் பற்றி ஒரு சொல் இல்லை. சிலவேளை பின்னால் அதன் அழுகை கேட்கும். நீங்கள் உடனே வேறு அறைக்குப் போய்விடுவீர்கள்.

பிறகு ஒரு காலை, நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. இரண்டு பெட்டிகளோடு நீங்கள். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வாடகை வான் சாரதி.

"என்ன மாமி, சொல்லாமல் கொள்ளாமல்!"

"போயிட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தானே போனனான்," என்று சொல்லிவிட்டு நேரே குசினிக்குள் போய், நான் அடுக்கி வைத்திருந்த மிளகாய், மல்லிப் போத்தல்களை எல்லாம் பழையபடி மாற்றி அடுக்கத் தொடங்கினீர்கள்.

குழந்தையைப் பற்றி நானாகக் கேட்க எனக்குப் பல மாதங்கள் எடுத்தன. ஒரு மழை நாள், மின்சாரம் போய், பல்கனியில் இருந்தோம்.

"ஆரை மாதிரி இருக்கிறாள் மாமி?"

யாரைப் பற்றிக் கேட்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. "மூக்கு என்னை மாதிரி. பாவம்," என்றீர்கள். அன்றைக்குத்தான் உங்கள் பெட்டிக்குள் இருந்த படங்களை நான் பார்த்தேன். வடிவான பிள்ளை.

அதற்குப் பிறகு நமக்குக் கிடைத்த வருடங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நன்றாக இருந்தோம். எழுத ஒன்றும் இல்லாத அளவுக்கு நன்றாக இருந்தோம். பொலன்னறுவைக்குத் திரும்பப் போவோம் என்று ஒவ்வொரு ஆவணியும் சொல்வோம். உங்கள் முழங்கால் விடவில்லை. போன வருடம் ஒரு பிற்பகல், ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்தபடி தூங்கினீர்கள். எழும்பவில்லை.

உங்கள் மகன் வந்தார். கொள்ளி வைத்தார். முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு முகத்துவாரம் போனோம். களனி ஆறு கடலில் விழும் இடம். கொட்டாஞ்சேனையில் வளர்ந்த எனக்குத் தெரிந்த காற்று, தெரிந்த உப்பு. ஐயர் மந்திரம் சொல்லி முடித்து, அஸ்தியைத் தண்ணீரில் கரைக்கச் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிய உங்கள் மகன் கலசத்தோடு ஒரு அடி வைத்தார். பிறகு நின்றுவிட்டார். ஐயர் திரும்பவும் சொன்னார். அவர் நகரவில்லை.

நான் கரையில் நின்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அத்தனை வருடங்களுக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"அம்மாவுக்குத் தண்ணியெண்டாலே பயம்," என்றார். "ஒருநாளும் கடல்ல கால் வைச்சதில்லை. அவவை எப்பிடி நான் இதுக்குள்ள விடுறது?"

நான் சொன்னேன்: "பயமில்லை. அவவுக்கு நீந்தத் தெரியும்."

அவருக்கு அது விளங்கவில்லை. ஆனால் என் குரலில் என்ன இருந்ததோ, அவர் திரும்பி நடந்தார். முழங்கால், இடுப்பு. ஆறும் கடலும் கலக்கும் மண் நிறத் தண்ணீரில் கலசத்தைச் சரித்தார். நீங்கள் போனீர்கள். அவசரமில்லாமல்தான் போனீர்கள்.

காரியம் முடிந்து ஈர வேட்டியோடு ஒரு தேத்தண்ணிக் கடையின் பலகை வாங்கில் இருந்தபோது அவர் கேட்டார். "எப்ப? எங்க?" நான் முதலிலிருந்து சொன்னேன். ரயில், குளக்கட்டு, மூடிய கிணறு, சீலவதி அக்கா, பொங்கி வழிந்திருக்கும் மா, நீருக்கு மேல் போன வெள்ளைக் கொண்டை. அவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒருதரம் சிரித்தார். உங்கள் சிரிப்பு அவரிடமும் இருக்கிறது, மாமி. போகும்போது, "வீட்டில நீயே இரு," என்றார். நானும் இருக்கிறேன்.

எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன், ஒன்றைத் தவிர. அந்தத் தூண்களுக்கிடையில், காலைத் தண்ணீரில் போட்டபடி, நீங்கள் என்னிடம் என்ன கேட்டீர்கள் என்பதை நான் சொல்லவில்லை. என்னை விட்டுப் போனவர்கள் பலர். கேட்டுவிட்டுப் போனவர் நீங்கள் ஒருவர்தான். அதை யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை மாமி. வைத்திருக்கிறேன்.

உங்கள் பிள்ளை